கம்பம் உட்கார்ந்த அன்று

அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை என்று ரொம்ப நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மை இல்லை. ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். வகுப்பில் பெஞ்சில் உட்காருவாள்தான், அதைச் சேர்க்க வேண்டாம். அங்கேயும் ஒரு கால் வெளியே நீட்டியபடி, மணி அடிப்பதற்கு முன்பே கிளம்பிவிட்டவள் மாதிரிதான் இருப்பாள். நான் சொல்வது கூட்டங்களை. மாணவர் பேரவை, மன்றங்கள், கேன்டீன் சுவரோரத்து வம்பு, எதுவானாலும் சரி, நாலு பேர் கூடிப் பேசுகிற இடத்தில் அவள் நின்றுகொண்டுதான் இருப்பாள். சும்மா நிற்கவும் மாட்டாள். ஜன்னலுக்குப் போவாள், கதவுக்கு வருவாள், மின்விசிறியை நிறுத்துவாள், மறுபடி போடுவாள். பார்த்துக்கொண்டிருந்தால் நமக்குக் கால் வலிக்கும்.

ஆளும் நெட்டை. அதனால் கம்பம் என்று பெயர் வைத்தோம். வீட்டில் வைத்த பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "இன்னா அண்ணாச்சி, என்ன வெச்சு கத வுட்டுகினு கீறியா?" என்று போன் வரும். என்னை அவள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள். நான் பெண் என்பதெல்லாம் அவளுக்குப் பொருட்டில்லை. அப்பா திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து காலடிப்பேட்டையில் மளிகைக் கடை போட்டவர். கடைக்காரர் மகள் என்றால் அண்ணாச்சிதான்.

எங்கள் கல்லூரி திருவொற்றியூரில், பெரிய சாலையிலிருந்து கடல் பக்கம் திரும்பும் ஒரு சந்துக்குள் இருந்தது. சின்னக் கல்லூரி. கலை, வணிகம், கொஞ்சம் அறிவியல். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்து நிற்கும் நாட்களில் பஸ் அசையாது. இறங்கி, லாரிகளுக்கு நடுவே நடந்து வருவோம். இன்றைக்கு எந்தக் கம்பெனி நாற்றம் என்பதை வைத்தே காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று சொல்லிவிடுவோம். சொல்லிக்கொள்ள எங்களுக்கு இருந்த ஒரே பெருமை, எங்கள் பேரவைக்கு நாங்களே தேர்தல் நடத்தினோம் என்பதுதான். எந்த மன்றத்துக்கு எந்தச் சனிக்கிழமை ஹால், ஆண்டு விழாவில் யார் என்ன செய்வது, எல்லாம் பேரவை முடிவு. ஆசிரியர்கள் ஒப்புதல் கையெழுத்துப் போடுவதோடு சரி. பெரிய பெரிய கல்லூரிகளில் படித்த என் சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

இரண்டாம் ஆண்டில் அவள் தலைவராக ஜெயித்தாள். நான் செயலாளர். முதல் கூட்டத்திலேயே எங்களுக்குள் முட்டிக்கொண்டது.

மாதத்தின் முதல் சனிக்கிழமை ஹால் யாருக்கு என்று சினிமா மன்றத்துக்கும் தமிழ் மன்றத்துக்கும் சண்டை. நான் எழுந்து, "சினிமா மன்றத்துக்குன்னு சொல்றவங்க கை தூக்குங்க" என்றேன். நிறையக் கைகள் உயர்ந்தன. எண்ணத் தொடங்கினேன்.

ஜன்னலோரம் நின்றிருந்தவள் அங்கிருந்தே சத்தம் போட்டாள். "கைய எறக்குங்கபா. எண்றதுக்கு இது இன்னா மீன் கூறா?"

"பின்ன எப்படி முடிவு பண்றது?" என்றேன்.

"எங்க குப்பத்துல கை தூக்கறதுலாம் கெடையாது. எல்லாரும் மண்ணுல ஒக்காந்து பேசுவாங்க. பேசி முடிச்சதும் பெரியவரு, எய்ந்துக்கலாமான்னு கேப்பாரு. ஒத்துகினவன் எய்ந்துப்பான். ஒத்துக்காதவன் ஒக்காந்துகினே இருப்பான். ஒருத்தன் ஒக்காந்துகினு இருந்தாகூட கூட்டம் முடியல. மறுக்கா பேசணும்."

"முடியவே முடியலைன்னா?"

"யாருக்கு மொதல்ல பசிக்குதோ அவன் எறங்கி வருவான்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்ததோடு விட்டிருக்கலாம். அந்த வழக்கத்தையே பேரவைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவன் சொல்ல, வேடிக்கையாகத் தொடங்கியது அப்படியே நிலைத்துவிட்டது. அன்றைக்குத் தமிழ் மன்றத்து ஆள் ஒருவன் மட்டும் உட்கார்ந்தே இருந்தான். வாட்ச்மேன் சாவியை ஆட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்கிற வரைக்கும் பேசினோம். கடைசியில், காலையில் தமிழ் மன்றம், மதியம் சினிமா என்று ஆனது. கையை எண்ணியிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். எனக்கு எரிச்சலான எரிச்சல். எங்கள் கடையில் ஆள் சேர்ந்துவிட்டால் அப்பா ஒருத்தருக்குப் பருப்பை நிறுத்துக்கொண்டே இன்னொருத்தருக்குப் பொட்டலம் கட்டுவார். அந்தக் கையில் வளர்ந்தவள் நான். உட்கார்ந்திருக்கிறவன் எழுந்திருக்கும் வரை காத்திருப்பது எனக்குச் சிறைவாசம்.

ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அந்த வருஷம் தோற்றுப்போய் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தவர்கள் என்று யாரும் இல்லை. மன்றங்களில் வாயே திறக்காத பிள்ளைகள்கூட, உட்கார்ந்திருந்தால் போதும் என்பதால், உட்கார்ந்து பார்த்தார்கள். உடனே அவள் அவர்கள் முன்னால் போய் நிற்பாள். "சொல்லு, இன்னா வாணாம் உனக்கு?" என்று கேட்பாள். கேட்கிற விதத்தில் மிரட்டல் மாதிரி இருக்கும். மிரட்டல் இல்லை. பதில் வருகிற வரை அந்த இடத்தில் மட்டும் அவள் அசையாமல் நிற்பாள்.

"எல்லாரும் உட்காரும்போது நீ மட்டும் ஏன் நிக்கிற?" என்று பலமுறை கேட்டிருக்கிறேன். ஒரு நாள், உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது என்பாள். ஒரு நாள், நாற்காலி தனக்குக் குட்டை என்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனபோதுதான் எனக்குக் காரணம் தெரிந்தது.

கடலோரக் குப்பம். அலைக்குப் போட்ட கருங்கற்களுக்கு இந்தப் பக்கம் படகுகள், அதற்கும் இந்தப் பக்கம் அம்மன் கோயில். கோயிலுக்கு முன்னால் மணலில் ஊர்க்கூட்டம். எந்த வலையை இனி யாரும் இறக்கக்கூடாது என்பதைப் பற்றிப் பேச்சு. ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் அத்தனை பேரும் பின்னால், படகுகளின் ஓரமாக நின்றிருந்தார்கள். கையில் பாத்திரத்தோடு நின்றவர்கள், குழந்தையோடு நின்றவர்கள், ஏதோ வேலையாகப் போகிற வழியில் நின்றுவிட்டவர்கள் போல. நான் கால் வலித்து ஒரு படகின் விளிம்பில் சாயப்போனேன்.

அவள் அம்மா என் கையைப் பிடித்து நிமிர்த்தினார். "ஒக்காராத கண்ணு. பொம்பளைங்க நின்னுகினுதான் கேக்கணும்."

பேசி முடித்து, பெரியவர் எழுந்துகொள்ளலாமா என்று கேட்டார். வரிசையாக எழுந்தார்கள். அவள் அப்பாவும் மணலைத் தட்டிக்கொண்டு பாதி எழுந்துவிட்டார். சரியாக அந்த நேரத்தில் அவள் அம்மா இருமினார். சளி இருமல் இல்லை, வேறு இருமல். அவள் அப்பா அப்படியே மறுபடி உட்கார்ந்துவிட்டார். பெரியவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது அவளாகவே சொன்னாள். "அம்மாவுக்கு வாணாம்னா அப்பா ஒக்காரணும். ஒக்காந்தவன்தான் எய்ந்துக்காம இருக்க முடியும். சொம்மாவே நின்னுகினு கீறவ எய்ந்துக்கலன்னு யாருக்குத் தெரியும்? சின்னதுலேர்ந்து நான் கேட்ட கூட்டமெல்லாம் நின்னுகினு கேட்டதுதான். காலு பழகிடுச்சு."

"காலேஜ்ல உன்னை யார் தடுத்தது? உட்கார வேண்டியதுதானே?"

"அங்க நான் தலைவரு. நான் ஒக்காந்தா என்னோட வாணாம்தான் பெருசா தெரியும். மத்தவங்களுது காதுல வுயாது. என் பதவி முடியட்டும், ஒக்கார்றேன்."

சொல்லிவிட்டு எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். அவளோடு சேர்ந்து நடக்க வேண்டுமென்றால் நாம் கொஞ்சம் ஓட வேண்டும்.

அந்த வருஷ ஆண்டு விழாவில்தான் வினை வந்தது. இயற்கை மன்றத்துப் பிள்ளைகள் எண்ணூர் கழிமுகத்துக்குப் போய் எடுத்த புகைப்படங்களை ஹாலுக்கு வெளியே வரிசையாக மாட்டியிருந்தார்கள். சாம்பல் படிந்த சேறு, அந்தச் சேற்றில் இடுப்பளவு இறங்கிக் கையால் இறால் தடவுகிற பெண்கள், இறாலே இல்லாத கூடை. மாட்டலாமா என்று பேரவையில் பேசி, எல்லோரும் எழுந்த பிறகு மாட்டியதுதான். சிறப்பு விருந்தினராக வந்தவர் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் அதிகாரி. கல்லூரிக்குக் கம்ப்யூட்டர் லேப் கட்டித் தருவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவர் ஒவ்வொரு படமாக நின்று பார்த்தார். கொடுத்த காபியைத் தொடாமல் காரில் ஏறிவிட்டார்.

அடுத்த வாரம் அறிவிப்பு வந்தது. இனி பேரவைக்குத் தேர்தல் கிடையாது. தலைவர் முதல் மன்றச் செயலாளர்கள் வரை துறைத் தலைவர்களே நியமிப்பார்கள். காரணம், மாணவர்களின் படிப்பு நலன்.

கல்லூரியே கொதித்தது. தேர்தலைத் திரும்பக் கொடுக்கும் வரை யாரும் வகுப்புக்குப் போவதில்லை என்பது யோசனை. சைக்கிள் ஷெட்டில் எல்லோரையும் கூட்டினோம். இது நடந்தால் நிர்வாகம் இறங்கி வரும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. தேர்வு நெருங்குகிற நேரத்தில் காலி வகுப்பறைகளை எந்த முதல்வரும் விரும்பமாட்டார். அவளும் அதைத்தான் நம்பினாள். அன்றைக்கு அவள் ஷெட்டின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் நடந்த நடையில் ராயபுரம் போய்த் திரும்பியிருக்கலாம். பேச்செல்லாம் முடிந்ததும், "எய்ந்துக்கலாமா?" என்று கேட்டாள்.

மொத்தக் கூட்டமும் ஒரே மூச்சில் எழுந்தது. எனக்கு உடம்பு புல்லரித்தது. பிறகு, எழுந்த கால்களுக்கு நடுவே, தரையில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

முதலாண்டுப் பெண். எண்ணூரிலிருந்து வருகிறவள். ஒல்லியாக, பையை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். "எழுந்திருடி" என்று நாலாபக்கமும் சத்தம். அவள் அசையவில்லை.

கம்பம் அவள் முன்னால் போய் நின்றாள். "சொல்லு, இன்னா வாணாம் உனக்கு?"

"அட்டெண்டன்ஸ் கம்மியா கீதுக்கா. லாரியில மாட்டிகினு பாதி நாளு மொத பீரியட் போயிடுது. இன்னும் ரெண்டு நாளு போச்சுன்னா எக்ஸாம் எயுத வுடமாட்டாங்க. எயுதலன்னா எங்கப்பா காலேஜ நிறுத்திட்டு கம்பெனி வேலைக்கு அனுப்பிடுவாரு." நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கும் தேர்தல் வேணும்க்கா. நான் வேணாம்னு சொல்லல. என்னால வெளிய நிக்க முடியாது."

"நீ மட்டும் கிளாஸுக்குப் போயிக்கோ" என்று யாரோ சொன்னார்கள். அது அதைவிட மோசம் என்று எல்லோருக்கும் தெரியும். காலி வகுப்பில் தனியாக உட்கார்ந்தவள் என்று அவளை மூன்று வருஷமும் சொல்லிக் காட்டுவார்கள். மறுபடி பேசினோம். மறுநாளும் பேசினோம். அதற்கடுத்த நாளும் அவள் அதே இடத்தில், பையை அதே மாதிரி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளும் மற்றவர்கள் அவள்மேல் பாய்ந்துவிடாதபடி கம்பம் குறுக்கே நின்றாள்.

நான் கம்பத்தைத் தனியாக இழுத்துப்போய்க் கத்தினேன். "ஒருத்திக்காக எல்லாரும் தோக்கணுமா? இந்த ஒரு தடவை கைய எண்ணு. எண்ணினா ஜெயிச்சோம்."

"ஜெயிக்கலாம்" என்றாள். "அவ கீய ஒக்காந்துகினு கீறா. அவ தலைக்கு மேல நாம ஜெயிச்சுட்டு, அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுகினு எய்ந்துக்கலாமான்னு கேக்கறது?"

"இது உன் குப்பம் இல்ல."

"இல்லதான். அங்க அவ ஒக்கார்றதுக்கே எடம் இருந்திருக்காது."

வகுப்புப் புறக்கணிப்பு நடக்கவில்லை. தேர்தல் போனது போனதுதான். முதல்வர் அவளைக் கூப்பிட்டு, "நீ பொறுப்பான பொண்ணு, அடுத்த வருஷத்துக்கு உன்னையே தலைவரா போட்டுடறோம்" என்று சொன்னாராம். "என்ன யாரு கேட்டுப் போடறீங்க சார்?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள். நல்ல பதில்தான். ஆனால் எனக்கு ஆறவில்லை. பல நாள் அவளோடு பேசவில்லை. அன்று நான் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. கையில் வந்த ஜெயத்தை ஒரு பெண்ணின் மடியில் வைத்துவிட்டு வந்தவளை எப்படி மன்னிப்பது? அவள் வராந்தாவில் எதிரே வந்தால் நான் மாடிப்படி ஏறிவிடுவேன். அவளும் சரியாக இல்லை. கேன்டீனில் டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே அங்குமிங்கும் நடந்து, ஆறிப்போன பிறகு கீழே ஊற்றிவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

புதிய கல்வியாண்டில் நியமனப் பேரவையின் தொடக்க விழா. வராதவர்களுக்கு ஆப்சென்ட் போடப்படும் என்று சுற்றறிக்கை வந்ததால் ஹால் நிரம்பிவிட்டது. வாசலிலேயே ஆசிரியர்கள் வருகை குறித்துக்கொண்டார்கள். நியமிக்கப்பட்டவர்கள் மேடையில் வரிசையாக நின்று உறுதிமொழி எடுத்தார்கள். கம்பம் வழக்கம்போல ஹால் கதவோரமாக நின்றிருந்தாள். நன்றியுரை முடிந்து, நாட்டுப்பண்ணுக்கு எல்லோரும் எழுந்து நின்றோம். பாடி முடித்ததும் முதல்வர் மைக்கில், "விழா இனிதே நிறைவுற்றது. அனைவரும் வகுப்புக்குப் போகலாம்" என்றார்.

நாற்காலிகள் நகர்ந்தன. எனக்கு முன்வரிசையில் இருந்த எண்ணூர்ப் பெண் மட்டும் திரும்ப உட்கார்ந்துவிட்டாள். மயக்கமோ என்று நினைத்துத் தோளைத் தொட்டேன்.

"என்னம்மா, தலை சுத்துதா?"

"இல்லக்கா" என்றாள். பை மடியில்தான் இருந்தது. "அட்டெண்டன்ஸ் போட்டாச்சு. இங்க ஒக்காரலாம் இல்ல? நான் இன்னும் எய்ந்துக்கலக்கா."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. உட்கார்ந்தேன். என் பக்கத்தில் இருந்தவன் என்னைப் பார்த்தான், அந்தப் பெண்ணைப் பார்த்தான், உட்கார்ந்தான். அதற்குப் பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. ஹால் முழுக்க இரும்பு நாற்காலிகள் கிறீச்சிடும் சத்தம். வாசல் வரை போயிருந்தவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். மேடையில் இருந்த புதிய பேரவைக்காரர்களில் ஒருத்தி, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மேடை விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"முடிஞ்சாச்சு, போகலாம்" என்றார் முதல்வர் மறுபடியும். ஆசிரியர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாரும் கோஷம் போடவில்லை, ஒழுங்கை மீறவில்லை. உட்கார்ந்திருக்கிற மாணவர்களை என்னவென்று கண்டிப்பது? முதல்வர் கதவுப் பக்கம் பார்த்தார். மேடைக்குக் கீழே நின்றிருந்த மாணவி அவள் ஒருத்திதான்.

"நீ சொல்லும்மா. நீ சொன்னா கேப்பாங்க. எழுந்திருக்கச் சொல்லு."

அவள் கதவை விட்டு உள்ளே வந்தாள். கடைசி வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதன் அருகே போய், அதைப் புதிதாகப் பார்ப்பவள் மாதிரி பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். உயரத்துக்கு முழங்கால்கள் முன்நாற்காலியில் முட்டின. ஒரு கால் மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. எல்லோரும் திரும்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதல்வரிடம் பேசுவதென்றால் எழுந்து நின்று பேச வேண்டும். அவள் உட்கார்ந்தபடியே பேசினாள்.

"என் பதவி முடிஞ்சிடுச்சு சார். கூட்டம் முடியல."

வெளியே ஏதோ ஒரு கன்டெய்னர் லாரி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. முதல்வர் மைக்கை அணைத்தார். மேடைப் படிகளில் மெதுவாக இறங்கி வந்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். நடுவில் வந்து நின்று, எங்கள் எல்லோரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு முன்வரிசையில் இருந்த ஒரு நாற்காலியை இழுத்து, எங்கள் பக்கமாகத் திருப்பிப் போட்டு, உட்கார்ந்தார்.

"சரி, சொல்லுங்க" என்றார். "என்ன வேணாம் உங்களுக்கு?"

நான் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கால் ஆடுவதை நிறுத்தியிருந்தது.